இருபத்தெட்டுக் கற்கள்

மழை பெய்த மறுநாள் கல் பதிப்பது சுலபம், சார். மண் சொன்னபடி கேட்கும். பூச்சோங், சுபாங் ஜெயா என்று முப்பது வருடம் அடுத்தவர் வீட்டு வாசல்களுக்குக் கல் பதித்தவன் நான். கிள்ளானில், எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் திடலில் பதித்தது ஒன்றுதான் நான் ஆசைப்பட்டுச் செய்த வேலை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அமுதவள்ளிதான் கேட்டார். "புல்லும் குப்பையுமா கெடக்கு அங்கிள். ஜனங்க வந்து நடக்கிற மாதிரி ஏதாச்சும் அழகா செய்யுங்களேன்."

சுழல்பாதை செய்தேன். ஒரே வாசல், ஏழு சுற்று. உள்ளே போகிறவர் வளைந்து வளைந்து நடுவட்டத்தை அடைந்து, அதே வழியில் திரும்ப வேண்டும். ஐந்நூற்று முப்பது ஆற்றுக்கற்கள். ஒவ்வொன்றையும் நானே கழுவி, பாதி புதைத்து, வெள்ளையடித்தேன். ஏழு மாதம் ஆனது. உதவிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர்கள் கைக்கு வளைவு வரவில்லை.

நாகையாவைப் பற்றிக் கேட்டீர்கள். கீழ்த்தளத்தில் இருந்தான். லோரி ஓட்டுபவன், நல்ல மனிதன். அவன் மனைவி வீரம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. சக்கர நாற்காலிதான், பேச்சும் பாதிதான் வரும். நான் மூன்றாவது சுற்றைப் பதித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான்.

"அண்ணே, வழிய கொஞ்சம் அகலமா போடுங்கண்ணே. வீரம்மா வண்டி போகணும்லா."

"அகலமாப் போட்டா ஏழு சுத்து வராது."

"அஞ்சு சுத்து போதாதாண்ணே?"

நான் அடுத்த கல்லை எடுத்துப் பதித்தேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. புரிந்துகொண்டான் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பால்குடம். குடியிருப்பே அங்கே போயிருந்தது. எட்டரை மணிக்கு நான் திடலுக்கு வந்தபோது, வீரம்மா நடுவட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சுற்றிலிருந்து அவள் வரைக்கும் நேராக ஒரு வழி. சுற்றுக்கு நான்காக, இருபத்தெட்டுக் கற்களை நாகையா நெம்பி எடுத்து ஓரமாக அடுக்கியிருந்தான். கடப்பாரை புல்லில் கிடந்தது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. பத்து நிமிஷம் உக்காந்துட்டு வந்துருவா. நானே பழையபடி வச்சிர்றேன்."

கடப்பாரையை எடுத்தேன். தன்னிடம் தரத்தான் எடுக்கிறேன் என்று நினைத்து அவன் கை நீட்டினான். முதல் அடி அந்தக் கையில் விழுந்தது. இரண்டாவது முழங்காலில். உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது காதுக்கு மேலே. அதற்குப் பிறகும் இரண்டு முறை அடித்தேன். அவை தேவைப்படவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு கற்களைத் திரும்பப் பதித்தேன். வெளிச்சுற்றில் ஒரு குழியின்மேல் நாகையாவின் கை கிடந்தது. நகர்த்தினேன். அவன் விரல்கள் என் விரலைப் பிடித்துக்கொண்டன. "தண்ணி" என்றான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை அவன் மார்பின்மேல் வைத்துவிட்டு அந்தக் கல்லைப் பதித்தேன். இரத்தம் பட்டவற்றைச் சட்டையைக் கழற்றித் துடைத்தேன். எல்லாம் சேர்த்து அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

நிமிர்ந்து பார்த்தால் வீரம்மா நாற்காலியிலிருந்து விழுந்து, ஒரு கையை ஊன்றித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு சுற்றைத் தாண்டிவிட்டாள். அவளைத் தூக்கி நடுவட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பாதையில் நடந்தேன்.

"நேரா..." என்றாள். "நேரா போ... அவரு..."

"இதுக்கு ஒரே வழிதான்மா" என்றேன்.

என் தோளைக் கடித்தாள். நீங்கள் படம் எடுத்த காயம் அதுதான். பாதை மூன்று முறை நாகையாவுக்கு அருகில் போய்த் திரும்பியது. மூன்று முறையும் அவள் கை நீட்டினாள். முதல் முறை அவன் கண் எங்களைப் பார்த்தது. இரண்டாவது முறை நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. மூன்றாவது முறை எதுவும் அசையவில்லை. வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் அவளை அவன் பக்கத்தில் இறக்கிவிட்டேன்.

கைபேசி என் கால்சட்டைப் பையில்தான் இருந்தது, சார். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான். அது எனக்கு அப்போதே தெரியும். அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டேதான் வேலை செய்தேன். ஆத்திரத்தில் செய்ததாக எழுத வேண்டாம். எனக்கு ஆத்திரம் வருவதில்லை. வேண்டுமானால் வீரம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அவ்வளவு தூரம் தூக்கி வந்தேனே, ஓரிடத்திலாவது அவள் காலைக் கல்லில் இடிக்க விட்டேனா என்று அவளே சொல்லட்டும்.