லீலாபாய் செய்த கிளி

— கட்டிலுக்குக் கீழ இருந்து அரிசி புடைக்கிற அந்தச் சுளவை இழுங்க. எது உசிரோட இருக்கு, எது செத்துதுன்னு பாப்போம்.

— இருக்கட்டு, ஜெயபாயி. சார் இப்பந்தான் முக்கு திரும்புகாவ. குடை இன்னும் தெரியுது. திரும்பிப் பாத்தா...

— பாத்தா என்ன? இல்லாத பிள்ளையையே காட்டியாச்சு. காகிதம் தெரிஞ்சா என்ன?

— மெல்லப் பேசு.

— இவ்வளவு நேரமும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால மெல்லத்தான நின்னேன். இனி எனக்கு முடியாது. ஐயோ, சேவலுக்க கழுத்து ஒடிஞ்சு போச்சே! வாலும் போச்சு. இந்த வாலுக்கு எத்தனை நிறம் தேடினேன்! சீமைக் கவருக்க உள்பக்கத்து நீலம், தீப்பெட்டிப் படம், உங்க ஆபீஸ்ல மை ஒத்துக ரோசா பிளாட்டிங் தாள்... எல்லாத்தையும் அழுக்குத் துணி மாதிரி அள்ளி அமுக்கி வச்சிருக்கிய.

— நான் என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "தாசையா, இருக்கியா?"ன்னு ஒரு சத்தம். எட்டிப் பாத்தா எங்க சூப்ரண்டு. கல்யாணராமய்யர் சார்! கரமனை அக்ரகாரத்துல இருந்து நம்ம முற்றத்துல வந்து நிப்பாவன்னு கனவா கண்டேன்? செவுரு முழுக்கக் கிளியும் கோழியும். கையில பட்டதை அள்ளிச் சுளவுல போட்டேன்.

— ஜன்னல்ல தொங்கினதை விட்டிட்டிய.

— அந்தக் கிளிதான் என்னை மாட்டி விட்டுது.

— கிளி ஒண்ணும் வாயைத் திறக்கல்ல. சார் வெறுதே ஒரு பேச்சுக்குக் கேட்டாவ. "இது யார் பண்ணினது தாசையா, ரொம்ப நன்னாருக்கே"ன்னு. "எனக்க வீட்டுக்காரி செய்தது சார், மூக்கு மட்டும் நான் வெட்டினேன்"னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

— சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

— திறந்த வாயில இருந்து ஏழு வயசுல ஒரு மகள் வந்தா.

— எல்லாம் கேட்டியா?

— கேக்காம? "எனக்க மக செய்தது சார்." பேரு என்ன? "லீலாபாய்." வயசு? "ஏழு." எங்க, ஆளைக் காணோமே? "மார்த்தாண்டத்துல மாமா வீட்டுக்குப் போயிருக்கா." ஒரு இடத்துல நாக்கு தடுக்கல்லியே உங்களுக்கு! காலைல சபையில முட்டுப்போட்டு ஜெபம் பண்ணினிய. முட்டுல ஒட்டின மண்ணை இன்னும் தட்டல்ல.

— ஆபீஸ் காகிதம், ஜெயபாயி. யுத்தம் வந்ததுல இருந்து துண்டுத் தாளுக்குக் கூட சர்க்குலர். போன மாசம் ஒரு பியூன் பழைய கவரை வீட்டுக்குக் கொண்டு போனான்னு அவனை எல்லாரும் பாக்க நிறுத்திக் கேள்வி கேட்டாவ.

— நீங்க எடுத்தது குப்பைக்கூடையில கிடந்ததுதான?

— குப்பையும் சர்க்கார் குப்பைதான்.

— செரி. மகள் செய்தா சர்க்கார் காகிதம் நம்ம காகிதம் ஆயிருமா?

— பிள்ளை விளையாட்டுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ.

— அதுதான் காரணமா?

— அதுதான்.

— எனக்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

— விடேன், ஜெயபாயி.

— காகிதத்துக்குப் பயந்தவரு, ஆபீஸ் விட்டு வந்ததும் முற்றத்துலயே நின்னு சட்டைப்பையைத் தட்டுவியளா? "இன்னைக்கு என்ன நிறம், சொல்லு பாப்போம்"னு கையை மூடிக்கிட்டு நிப்பிய. ஓணம் கழிஞ்சு ஒரு நாள் தங்கத்தாள் கொண்டு வந்தியளே, ஓர்மை இருக்கா? அன்னைக்கு ரெண்டு பேரும் கஞ்சி குடிக்க மறந்துபோயி, மரச்சீனி மாவுல பசை காய்ச்சிட்டு உக்காந்துட்டோம். மூக்கு வெட்டும்போ நீங்க நாக்கை மடிச்சுக் கடிச்சுக்கிட்டு இருந்த இருப்பைப் பாத்து எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. "சிரிக்காதட்டி, மூக்கு கோணிப் போகும்"னு என்னையும் அதட்டினிய. அன்னைக்கு இந்தப் பயம் எங்க போச்சு?

— அது நம்ம வீட்டுக்குள்ள. கதவைச் சாத்தினா நீயும் நானும். வெளியில இருந்து ஒருத்தர் வந்து பாத்தா அது வேற.

— வேறன்னா?

— எப்படிச் சொல்ல? மீசை நரைக்கத் தொடங்கியாச்சு, கிளார்க்கு உத்தியோகம், வீட்டுச் செவுரு முழுக்கப் பொம்மை. பாக்கிறவிய முதல்ல "பிள்ளைகள் எங்க?"ன்னு கேப்பாவ. இல்லேன்னு சொல்லணும். பின்னே அவிய கண்ணு ஒரு மாதிரி ஆகும், பாத்திருக்கியா? செவுரைப் பாப்பாவ, உன்னைப் பாப்பாவ, என்னைப் பாப்பாவ. போன கிறிஸ்மஸுக்கு எனக்க அக்கா சொன்னதை மறந்துட்டியா?

— ராகேல் மைனி சொன்னதா? "விளையாடப் பிள்ளையில்லாத வீட்டுல யாருக்குச் செய்து தொங்க விட்டிருக்கிய?"ன்னு கேட்டாவ. நான் இலையைப் போட்டேன். அடுத்த நாள் ஒரு தாமரை செய்து கிளிக்குப் பக்கத்துலயே தொங்க விட்டேன்.

— உனக்கு முடிஞ்சுது. எனக்கு முடியல்ல. அதுக்குப் பிறகு நான் ஒரு ஆளையும் வீட்டுக்குக் கூப்பிடல்ல, கவனிச்சியா? வெக்கமா இருக்கு, ஜெயபாயி. சர்க்குலரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெக்கம். சார் இந்த செக்ஷனுக்கு வந்து ஆறு மாசந்தான் ஆகுது, நம்ம வீட்டு விசயம் அவியளுக்குத் தெரியாதுன்னு ஒரு தைரியம். போதுமா?

— என்னை நினைச்சா வெக்கம்?

— நம்மளை நினைச்சு.

— செரி. அந்தப் பேரு எங்க இருந்து வந்துது?

— எந்தப் பேரு?

— லீலாபாய்.

— வாயில வந்துது.

— வாயில வரல்ல. கல்யாணம் கழிஞ்ச புதுசுல, பெண் பிறந்தா லீலாபாய்னு வைக்கணும்னு நான் ஒருக்கா சொன்னேன். ஒரே ஒருக்கா. நீங்க காது கேக்காத மாதிரி விசிறியை வீசிக்கிட்டுக் கிடந்திய. மறந்திருப்பியன்னு இத்தனை வருசமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

— மறக்கல்ல.

— கதவுக்குப் பின்னால நின்ன எனக்கு, உள்ளதைச் சொல்லுகேன், ஒரு நொடி அவ மார்த்தாண்டத்துக்குத்தான் போயிருக்கான்னு தோணிப்போச்சு. சாயங்காலம் வந்திருவா, தலையில எண்ணெய் வச்சு வாரணும்னு. அப்புறந்தான் கோவம் வந்துது.

— என்னை ரெண்டு அடி அடிச்சிரு.

— அடிக்க நேரமில்ல. சார் முற்றத்துல இறங்கும்போ உங்ககிட்ட என்ன சொன்னாவ?

— அதுதான் எனக்கு வெப்ராளம். "அடுத்த வாரம் நவராத்திரி. எங்காத்துல கொலு வைக்கறோம். எல்லாரையும் அழைச்சிண்டு வா, தாசையா"ன்னாவ. எல்லாரையும்! நீயும் நானும்னா "ரெண்டு பேரும் வாங்கோ"ன்னுதான சொல்லணும்? லீலாபாயைக் கூட்டிட்டு வரச் சொல்லுகாவ. கொலுவுக்குக் கிளி செய்யச் சொல்லப் போறாவ. வேதக்காரன் குடும்பத்தை அக்ரகாரத்துக்குக் கூப்பிடுகது சின்னக் காரியமா? நம்ம வீட்டுல பச்சத்தண்ணி தொடாத ஆளு. குடிக்க என்ன வேணும்னு கேட்டதுக்கு, கரிக்கு வெட்டி இளநி தந்தா ஆகும்னுதான சொன்னாவ. ஆமா, நான் தென்னை ஏற ஆள் தேடிப் போன நேரத்துல உங்கிட்ட வல்லதும் பேசினாவளா?

— பேசினாவ.

— என்ன பேசினாவ?

— மழை பெய்தா இந்த முற்றத்துல தண்ணி கெட்டி நிக்குமான்னு கேட்டாவ.

— அவ்வளவுதானா?

— முதல்ல நீங்க சொல்லுங்க. கொலுவுக்கு என்ன செய்யப் போறிய?

— ஒண்ணு தோணுது. கோவப்படாத.

— சொல்லுங்க.

— பக்கத்து வீட்டு ஞானையனுக்க ரெண்டாமத்த பிள்ளைக்கு ஏழு வயசு இருக்கும். ஒரு நாளைக்கு மட்டும்...

— ஒரு நாளைக்கு மட்டும்?

— ஒரு மணிக்கூறு. புதுப் பாவாடை தச்சுக் குடுத்து, என்னை அப்பான்னு கூப்பிடச் சொல்லிப் பழக்கி...

— அது கொலுவுக்கு முன்னால நின்னுக்கிட்டு, "தாசையன் மாமா, எனக்குச் சுண்டல்"னு கேட்டா?

— அப்பம் அது வேண்டாம். காய்ச்சல்னு சொல்லிருவோம். மார்த்தாண்டத்துல பிள்ளைக்குக் காய்ச்சல், வர முடியல்ல.

— அடுத்த நாள் ஆபீஸ்ல கேப்பாவ, காய்ச்சல் எப்படி இருக்குன்னு.

— குறையல்லன்னு சொல்லுவேன்.

— பின்னே?

— பின்னே... ஒரு வாரம் கழிஞ்சு... கூடிப் போச்சுன்னு...

— கூடி?

— ஜெயபாயி...

— சொல்லுங்க. கூடி?

— எனக்கு வாய் வரல்ல.

— பேரு வச்சு இன்னும் சாயங்காலம் ஆகல்ல. அதுக்குள்ள குழி தோண்டுகியளே.

— ஐயோ, வாயைக் கட்டு! எனக்க மகளை நான்...

— உங்க மகளை?

— நான் கேடுகெட்டவன், ஜெயபாயி. எனக்கு இந்த உலகத்துல யாரு முகத்துலயும் முழிக்க யோக்கியதை இல்ல. நாளைக்கு ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையா சார் முன்னால நின்னு சொல்லிருகேன். மகள் இல்ல சார், எனக்க வீட்டுக்காரி செய்தது. காகிதம் குப்பைக்கூடையில நான் எடுத்தது. வேலை போனாப் போகட்டு.

— மூக்கு?

— மூக்கு நான் வெட்டினதுன்னும் சொல்லுகேன்.

— நாலு பேரு கேக்கச் சொல்லுவியளா?

— யாரு கேட்டாலும் சொல்லுகேன்.

— அப்பம் கையை நீட்டுங்க. இதைப் பிடிங்க.

— என்ன இது? ரோசாக் கிளி. இது... ஓணத்துக்கு முந்தின வாரம் நீ எனக்க குடைக்குள்ள ஒளிச்சு வச்சதில்லா?

— அதேதான். குடையை விரிக்கும்போ உங்க தலையில விழணும்னு வச்சேன். நீங்க ஆபீஸ் வாசல்ல நின்னு சிரிப்பியன்னு நான் இங்க அடுப்பு முன்னால இருந்து தன்னாலச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் வந்து, "மேசைக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன்"னு சொன்னிய.

— இது உனக்க கையில எப்படி...

— சார் சட்டைப்பையில இருந்து எடுத்துத் தந்தாவ, நீங்க கரிக்குக்குப் போன நேரத்துல. அன்னைக்கு நீங்க குடையை விரிச்சியளாம். கிளி விழுந்துதாம். கூட நின்னவிய சிரிச்சாவளாம். "எனக்குத் தெரியாது, யாருக்கதோ"ன்னு காலால ஓரத்துக்குத் தள்ளிட்டு நடந்தியளாம்.

— ஜெயபாயி, எனக்கு...

— அழாதீங்க. சார் எடுத்துத் துடைச்சு, இத்தனை நாளும் வச்சிருந்திருக்காவ. மழையில ஒரு செட்டை மட்டும் நிறம் போயிருக்கு.

— அப்பம் சாருக்கு அன்னையில இருந்தே தெரியுமா?

— குப்பைக்கூடையில உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு நல்ல துண்டாக் கிடைக்குதுன்னு ஒரு நாளாவது யோசிச்சியளா? மேலயே கிடக்கும், கசங்காம, மை படாம. தங்கத்தாள் எந்த ஆபீஸ்ல குப்பையில விழும்?

— சார் போட்டதா?

— வீட்டுல இருந்து கொண்டு வந்து போட்டாவளாம். நீங்க அதைப் பொறுக்கிப் பையில வைக்கும்போ அவிய வேற எங்கயோ பாக்கிற மாதிரி இருந்துக்கிடுவாவளாம். அந்தக் காகிதமெல்லாம் என்ன ஆச்சுன்னு பாக்கத்தான் இன்னைக்கு வந்தாவ. வந்து செவுரைப் பாத்தா வெறும் பசைக்கறை.

— எல்லாம் தெரிஞ்சவிய, யாரு செய்ததுன்னு எதுக்குக் கேட்டாவ?

— உங்க வாயால கேக்கணும்னு ஆசைப்பட்டிருக்காவ.

— நான் எனக்க வாயால என்ன சொன்னேன்! ஏழு வயசு, மார்த்தாண்டம்... அதையும் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தாவளே. அது பொய்னும் தெரியுமா?

— நீங்க அந்தப் பக்கம் போனதும் சார் கொடியைப் பாத்தாவ. உங்க வேட்டி, எனக்க சேலை. ஒரு சின்னப் பாவாடை இல்ல. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்.

— பின்னே எதுக்கு என்கிட்ட "எல்லாரையும் அழைச்சிண்டு வா"ன்னு சொன்னாவ?

— உங்ககிட்ட அப்படிச் சொன்னாவ. எனக்கிட்ட வேற சொன்னாவ.

— என்ன சொன்னாவ?

— "லீலாபாய் வரமாட்டாள்னு நேக்குத் தெரியும்மா. அவ அம்மா வந்து கொலுவுக்குக் கிளி பண்ணிக் கொடுத்தாப் போறும்."