அண்ணன் வைத்துவிட்டுப் போன பழுது

கூட்டத்தின் தலைவர் அவர்களே! மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் பயிற்சியாளர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பழைய மாணவர்களே! முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் என் அண்ணன் மகளே!

நெட்வொர்க் வாத்தியார், கம்பிகளின் சக்கரவர்த்தி, என் உடன்பிறந்த அண்ணன் போய் இன்றோடு ஒன்பது நாள். உலகத்தில் ஓடும் இன்டர்நெட்டில் பாதி அவரால் ஓடுகிறது. மீதிப் பாதி அவரிடம் திட்டு வாங்கியவர்களால் ஓடுகிறது. மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்காமல் மேடைக்கடியில் போகும் வயரைப் பார்த்துவிட்டு வந்தவர் வேறு எவர்?

இந்தக் கட்டடத்தின் மாடியில் இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தினார். சான்றிதழ் தேர்வு நெருங்கும்போது அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. “எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்கப்பா” என்பார். அந்தக் குரலில் தாயன்பு சொட்டும். நம்பிவிடாதீர்கள்! திரும்பி வருவதற்குள் லேபில் எங்கேயோ ஒரு பழுதை வைத்திருப்பார். ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேசாது. கண்டுபிடிக்கும்வரை எவரும் வீட்டுக்குப் போக முடியாது. அவரும் போக மாட்டார்.

இங்கே ஒரு மாணவி இருக்கிறார். தையல் கடையிலிருந்து படிக்க வந்தவர். இரண்டு முறை தேர்வில் தோற்றதால் ‘டபுள் ஃபெயில்’ என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர்.

“எனக்கு இது வராது சார்” என்றார் ஒரு நாள்.

“வரலைன்னு கேபிள் சொல்லட்டும். நீ சொல்லாதே. போய் உக்காரு.”

உட்கார்ந்தார். வருகிற வியாழக்கிழமை மூன்றாம் முறை எழுதுகிறார். தேறினால் ஒரு மருத்துவமனையில் வேலை காத்திருக்கிறது. தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு. அவரோடு இன்னும் பத்துப் பேர் எழுதுகிறார்கள்.

அவர் போன அந்த வெள்ளிக்கிழமையும் அண்ணன் இவர்களை டீ குடிக்க அனுப்பினார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். நாற்காலியில் சாய்ந்திருந்தார். “சார், நாங்க வந்துட்டோம்” என்றார்கள். அவர் திரும்பவில்லை.

ஐயகோ! பழுதை வைத்தார், போய்விட்டார். எங்கே வைத்தார்? எவருக்குத் தெரியும்? ஸ்குரூடிரைவர் பிடிக்கும் எனக்கா தெரியும்? நான் ரிப்பேர் வகுப்பு எடுப்பவன். நெட்வொர்க்கில் என் அறிவு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டுவதோடு சரி.

“செட்டிங் எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போட்டுடலாம் சார். பிராக்டிஸ் பண்ணணுமே” என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். அண்ணன் மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா கடைசியா கை வெச்சது, சித்தப்பா. யாரும் தொடக் கூடாது.”

லேபைப் பூட்டிவிட்டேன். ஒன்பது நாளாக மாடியில் இருட்டு. இந்தப் பதினொரு பேரும் தினமும் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து புத்தகத்தை மட்டும் புரட்டுகிறார்கள்.

மகளே, சபையில் வைத்துக் கேட்கிறேன், கோபம் வந்தால் கோபித்துக்கொள். இருபத்திரண்டு வருடத்தில் உன் அப்பா வைத்த ஒரு பழுதாவது மறுநாளைப் பார்த்ததுண்டா? கண்டுபிடிக்கட்டும் என்றுதானே வைப்பார்? இது ஒன்பது நாளாகக் கிடக்கிறது. அவர் இருந்திருந்தால் நம் எல்லோரையும் முட்டாள் என்றிருப்பார். என்னை இரண்டு முறை.

எதையும் அழிக்க வேண்டாம். தேடலாம். நீயும் அவரிடம் படித்தவள்தான். என் மூச்சு உள்ளவரை அந்த லேபைத் தினமும் காலை ஒன்பது மணிக்கு நானே திறப்பேன். இது இந்தச் சபைக்கு நான் கொடுக்கும் வாக்கு! நாளையிலிருந்து...

என்னம்மா? எழுந்துவிட்டாயே? மைக்குக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்.

“நாளைக்கு வேணாம் சித்தப்பா. இப்பவே போலாம்.”

தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். இன்னும் பதினாறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், நீங்கள் தப்பித்தீர்கள். மௌன அஞ்சலியை நீங்களே நடத்திவிடுங்கள். பிள்ளைகளே, எழுந்திருங்கள். தள்ளாமல் ஒவ்வொருவராக மாடியேறுங்கள். அழுகிறவர்கள் அழுதுகொண்டே ஏறலாம்.