நிருஷாவுக்கு வந்த கடிதம்

எனக்குச் சீனி வருத்தம், தேத்தண்ணி வேண்டாம். மத்தியஸ்த சபையார் கோபிக்காமல் கேளுங்கள். உன்னிச்சைப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அதில் பார்ட்டிசிப்பியல் பிரேஸ் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. வினையில் தொடங்கும் துண்டு அது; வினையைச் செய்தவரின் பெயரை உடனே பக்கத்தில் வைக்க வேண்டுமாம். நான் வாய்ச்சவடாலிலேயே காலத்தை ஓட்டினேன்.

ஒருநாள், குளக்கட்டில் நடந்து போகையில் முதலையைக் கண்டேன் என்பதை ஆங்கிலத்தில் பலகையில் எழுதினேன். கோணாமலையின் மகள் நிருஷா எழும்பினாள்.

"சேர், நீங்க எழுதினபடி பார்த்தா கட்டுல நடந்து போனது முதலைதான்."

வகுப்பே உருண்டு சிரித்தது. அவள் திருத்தி எழுதி, ஐந்தே நிமிடத்தில் எல்லாருக்கும் விளங்க வைத்தாள். எனக்கும் அன்றுதான் விளங்கியது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதன்பின் ஊருக்கு நான் முதலை சேர். என் மூஞ்சியும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

எங்கள் ஊரில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் வாசிக்க என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அறுவடை நேரம், பள்ளிக்கூடம் முடித்திருந்த நிருஷா வயல் வட்டையில் ஆட்களுக்குச் சமைக்கப் போயிருந்தாள். கோணாமலை ஒரு பதிவுத் தபாலோடு வந்தார். கொழும்பில் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு, முழுச் செலவையும் ஏற்று அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். பத்து நாளுக்குள் போய்ப் பதிய வேண்டும். நான் இரண்டு தரம் வாசித்தேன்.

"கிடைக்கல்ல கோணாமலை. புள்ளைக்கிட்ட இதைக் காட்டாதீங்க, மனசு உடைஞ்சிடும். இஞ்ச வச்சிட்டுப் போங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அவள் ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லையாம். நான் வீட்டுக்கே போய் ஆறுதல் சொன்னேன். பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அதற்குரிய படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான்; கெட்ட மனம் உள்ளவன் அதைச் செய்வானா? இப்போது ஏழு மாதமாக அவளிடமிருந்து போன் இல்லை.

கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. அதில் அருமையான பிரேஸ்கள் இருந்தன. பலகையில் எழுதி உதாரணம் காட்டினேன். என் மனைவி அஜந்தா என் புத்தகங்களைத் தூசி தட்டும்போது உள்ளே இருந்த கடிதத்தைக் கண்டு, நிருஷாவின் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துக் கோணாமலையிடம் கொடுத்துவிட்டாள்.

ஓம், செய்தது நான்தான். ஆனால் பிள்ளைகளின் படிப்பையும் பாருங்கள். இப்போது பாடம் முடிய, விளங்கினதா என்று கேட்பேன். ஒருவரும் எழும்புவதில்லை. எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது.