முயல் குதிக்கிற சத்தம்

ஒரு விடுகதை போடுறேன், சொல்லுங்க. சத்தம் முன்னாடி வந்துரும், விழுறவன் பின்னாடிதான் விழுவான். அது என்ன?

இடி இல்லங்க. விடுங்க, பஸ்ஸு வத்தலக்குண்டு போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு, நானே சொல்லிர்றேன். எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓடுற படம்.

நீங்களும் கம்ப்யூட்டர் லைன்தானா? அப்பச் சரி. பழைய மெஷின், லினக்ஸ் போட்ருக்கேன். திருட்டு விண்டோஸ் போடுறதில்ல, அது ஒரு வீம்பு. மகளுக்குன்னு ஒரு பொம்மைப்பட சிடி வாங்கியாந்தேன். ஒரு முயல் கெணத்துல குதிக்கும். தொபுக்கடீர்னு சத்தம் வந்துருது, முயல் இன்னும் அந்தரத்துல நிக்குது.

இளவேனில்னு பேரு. ரெண்டாப்பு. அவ அம்மாகூடச் சின்னாளபட்டில இருக்கா. எங்கிட்ட ஞாயித்துக்கெழம மட்டுந்தான். பத்து மணிக்குக் கூட்டியாந்தா அஞ்சு மணிக்குக் கொண்டுபோய் விட்ரணும். நம்ம வீட்லயும் அவளுக்குப் புடிச்சது ஒண்ணு இருந்தாத்தான, இங்க இருக்கேன்னு சொல்லுவா.

மத்த நாள் பூரா டி.டி.பி. சென்டர்ல வேல. எனக்கும் ஞாயித்துக்கெழமதான் லீவு. இத எப்படிச் சரிபண்றதுன்னு பிரவுசிங் சென்டர்ல பாத்துப் பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டு, அன்னிக்கு ஒக்காந்துருவேன்.

மொத ஞாயிறு, சிடி டிரைவ்ல டி.எம்.ஏ.ன்னு ஒரு வசதி அணைஞ்சு கெடந்தது தெரிஞ்சுச்சு. அது இல்லேன்னா சிடியில உள்ளத ஒவ்வொண்ணா பிராசஸரே தூக்கியாரணும். கல்யாண வீட்ல சமைக்கிறவனே சாம்பார் வாளியையும் தூக்குனா பந்தி நிக்கும்ல, அந்த மாதிரி. ஒரே வரிதான் டைப் பண்ணணும். அதக் கண்டுபிடிக்கச் சாயந்திரம் ஆயிருச்சு.

ரெண்டாவது ஞாயிறு, திரையில படம் காட்டுற சாஃப்ட்வேரு, அந்த கிராபிக்ஸ் டிரைவர மாத்துனேன். திரை இருட்டாயிருச்சு. பழையபடி கொண்டாரவே அஞ்சு மணி.

புள்ளயா? அவ பாட்டுக்கு இருந்தா. பரமபத அட்டைய விரிச்சு, எனக்கும் சேத்து அவளே தாயம் உருட்டிக்கிட்டா. அப்பா, ஒனக்குப் பாம்பு கடிச்சிருச்சும்பா. நான், இரு கண்ணு, செத்த நேரம்பேன். எங்க அக்கா காளியம்மா சோத்தக் கொண்டாந்து வச்சுட்டு ஏசும். ஏலே, அம்புட்டு தூரத்துலருந்து புள்ளயக் கூட்டியாந்து முதுகக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கியேன்னு. ஒரு பிளேயர வாங்கி டிவில மாட்டுனா ஓடப் போவுது, அதுக்கு ஏன்டா இந்த மல்லுக்கட்டுன்னு கேக்கும்.

ஓடுதுங்க, இப்ப ஓடுது. போன ஞாயிறு சரியான டிரைவரு ஏறிருச்சு. படத்தப் பெருசாக்குற வேலைய கிராபிக்ஸ் சிப்பு பாத்துக்கிருச்சு, பிராசஸருக்குப் பாரம் கொறஞ்சுச்சு. சத்தமும் படமும் ஒண்ணாப் போவுது. பாதி பாத்தா. அதுக்குள்ள அஞ்சாயிருச்சு.

செம்பட்டி வந்துருச்சு. நீங்க எறங்கணுமா? இல்லையா, சரி.

நானா? கோர்ட்டுக்கு வந்தேன். இன்னிக்கித்தான் ஜட்ஜம்மா புள்ளய உள்ள கூப்ட்டாங்க. நானும் அவ அம்மாவும் அங்கயே நின்னோம். அப்பா வீட்ல என்ன பண்ணுவன்னு கேட்டாங்க. தாயம் வெளாடுவேன்னா. யார் கூட வெளாடுவன்னாங்க. நானேதான்னா. அப்பறம், முயல் படம் இப்ப நல்லா ஓடுதுன்னும் சொன்னா. சொல்லலேன்னு சொல்லக் கூடாது.

யார்ட்ட இருக்கப் போறன்னு கேட்டாங்க. அம்மாட்டன்னுட்டா.