சைரன் ஒலித்தபோது மைமூன் மேலே ஏறினாள்

சைரன் ஊளையிடுகிறது. படிக்கட்டு முழுக்க ஆட்கள். எல்லாரும் கீழே இறங்குகிறார்கள். என் மனைவி மைமூன் மட்டும் மேலே ஏறுகிறாள். இடுப்பில் பேத்தி ஆயிஷா.

வளைகுடாவில் மகன் காசிம் வேலை பார்க்கும் ஊர் இது. ஐந்தாம் மாடியில் வீடு. பேத்தியைப் பார்க்கத் தென்காசியிலிருந்து வந்தோம். வந்த இடத்தில் சண்டை மூண்டது. வானத்தில் முதலில் ஒரு சீறல். அடுத்து இடி. அப்புறம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். சைரன் கேட்டால் அடித்தளத்துக்கு ஓட வேண்டும் என்று காசிம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மைமூனும் தலையாட்டினாள்.

தலை ஆடியது. கால் கேட்கவில்லை. அது குற்றாலத்தில் வளர்ந்த கால்.

அருவிக்கரையில் அவளுக்குச் சிப்ஸ் கடை. அவள் வாப்பா வைத்தது. கல்யாணத்துக்குப் பிறகும் சீசன் தவறாமல் அவளே நடத்தினாள். மலையில் மழை பெய்தால் அருவி செம்மண் நிறமாகும். வெள்ளம் வருகிறதென்று சைரன் ஒலிக்கும். உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அவள் தனியாக ஏற மாட்டாள். எண்ணெயும் தலையுமாக நிற்கிறவர்களையெல்லாம் திட்டி விரட்டிக்கொண்டு, கடைசி ஆளாகத்தான் ஏறுவாள். திட்டு வாங்கியவர்கள் மறுநாள் அவளிடமே சிப்ஸ் வாங்குவார்கள். வளைகுடாவுக்கு வந்த புதிதில், சாரல் இல்லாத ஊரில் மனுஷன் எப்படித்தான் குளிக்கானோ என்று சிரித்தாள்.

அன்று பிற்பகல், அஸர் தொழுகை முடிந்த நேரம். சீறல் நெருங்குகிறது.

"உம்மா, கீழ வாங்க! கீழ!"

காசிம் அவளை நோக்கிப் படிகளில் தாவி ஏறுகிறான். என் மூட்டு மடங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவன் ஆயிஷாவைப் பிடுங்கினான். மைமூன் அவனைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஏலே, கீழ எதுக்கு இறங்குத? வெள்ளம் வருதுலே. எல்லாரையும் மேல ஏறச் சொல்லு."

இறங்கி வந்தவர்களிடமும் கத்தினாள். மலையாளிகள், வங்காளிகள். யாரும் நிற்கவில்லை. மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிட ஓடினாள். எல்லாரும் ஏறி வரட்டும் என்றுதான். தாழ்ப்பாள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு இடி. பிறகு சுண்ணாம்புப் புழுதி. வெகுநேரம் என் காதில் எதுவும் விழவில்லை.

வானத்திலேயே உடைத்த ஏவுகணையின் துண்டு விழுந்ததாம். அதிகாரிகள் வந்து எழுதிக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டி. கதவு. மேல் படிகள். உயிர்ச்சேதம் ஒன்று.

அந்தக் கணக்கு தவறு. அன்று என் மனைவி போனாள். காசிமின் உம்மா போனாள். ஆயிஷாவின் வாப்பும்மா போனாள்.

மூன்று பேர்.