தேதி மட்டும் மாற்றிய பக்கம்

ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டரை. தொழிற்பேட்டைச் சாலை... ஈ, காக்கை கிடையாது.

"பகல்லயா? பகல்ல எங்கேயாவது பேய் வருமா?"

பேய்க்கு என்ன ஷிப்டா போட்டிருக்கிறார்கள்? பேசாமல் கேளுங்கள். அந்தக் கதவை மட்டும் யாராவது சாத்திவிட்டு வாருங்கள்... சாத்தியாயிற்றா? சரி.

இது நம் தையல்காரரின் அண்ணிக்கு நடந்தது. தையல்காரரே இதோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தப்பாகச் சொன்னால் திருத்தட்டும்.

அண்ணிக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. புரோகிராம் எழுதுகிற வேலை இல்லை. எழுதிய புரோகிராமுக்குக் கையேடு எழுதுகிற வேலை. ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் பத்து மேசையிலிருந்து ஒரே கோப்பைத் திறக்கிறார்கள் அல்லவா? எல்லாக் கோப்பையும் சர்வர் என்று ஒரு பெரிய கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கிறது. அதற்குள் ஓயாமல் ஓடும் புரோகிராம்களை அந்தத் தொழிலில் டீமன், அதாவது பூதம், என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. கூப்பிட்ட குரலுக்கு வரும். சொன்னதைச் செய்யும்... நாம் நினைத்ததை இல்லை, சொன்னதை. எப்படிச் சொல்ல வேண்டும் என்பது கையேட்டுப் பக்கத்தில் இருக்கும். எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் அதை நம்பி, எழுத்துப் பிசகாமல் தட்டுவார்.

புதுப் பதிப்பு வந்தால் பக்கங்களையும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கட்டளையையும் சோதனைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். எழுதியிருப்பதுதான் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் பக்கத்தின் அடியில் இருக்கும் தேதியை மாற்ற வேண்டும். அந்தத் தேதி சத்தியம் மாதிரி. அன்றைக்கு ஒருத்தி இதைச் செய்து பார்த்தாள் என்று அதற்கு அர்த்தம்.

அண்ணி தேதியை மட்டும் மாற்றினாள்.

கெட்டவள் இல்லை. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். இங்கே மேலாளர் தலைமேல் நின்றார். "இதையெல்லாம் யாரும்மா படிக்கப் போறா?" என்றார். அண்ணியும் அத்தனை பக்கங்களுக்கும் ஒரே சாயங்காலத்தில் தேதி போட்டு அனுப்பிவிட்டு ஓடினாள்.

அதில் ஒரு பக்கம். ஒரு கட்டளை. அதோடு ஓர் எழுத்தைச் சேர்த்துத் தட்டினால் பழைய கோப்புகளின் பட்டியலைக் காட்டும், எதையும் தொடாது என்று போட்டிருந்தது. பழைய பதிப்பில் அப்படித்தான். புதிய பதிப்பில் அதே எழுத்து... அழித்துவிடும். கேட்காமல்.

ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே பதிவேட்டு எழுத்தர் ஒருவர். பக்கத்தைப் பார்த்தார், தட்டினார். ஆறு வருஷத்து நோயாளிகளின் குறிப்பு... போயிற்று.

"பக்கத்துல போட்டபடிதான் செஞ்சேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார் மனிதர். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. திட்ட நேரமிருந்தது. பழைய டிஸ்க்குகளில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று கட்டடத்தின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்தார். தண்ணீர் கசியும் அறை. ராத்திரி பகல் தெரியாத அறை. அங்கேயே மாரடைத்து விழுந்தார்.

ஆளைக் காணோமே என்று ஒருவரும் தேடவில்லை. நாலாம் நாள்... நாற்றம்தான் படியேறி வந்து சொன்னது.

"சீ..."

சீதான். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு டம்ளர் டீயோடு கீழே இறங்கி "சாப்பிட்டீங்களா" என்று கேட்டிருந்தால்... சரி. விடுங்கள்.

சனிக்கிழமை மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டார். வாயில் கேக். பேசப் பேச க்ரீம் உதட்டோரம் நுரைத்தது.

"விஷயம் தெரியுமில்ல? நாளைக்கு ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க. வந்து அந்த வரியைச் சரி பண்ணிடும்மா. தேதி மட்டும் பழைய தேதியாவே இருக்கட்டும்."

"பழைய தேதி போட்டா... பக்கம் அன்னைக்கே சரியா இருந்த மாதிரி ஆயிடுமே சார். அவர்தான் தப்பாத் தட்டினார்னு ஆயிடுமே."

"ஆகட்டுமே. செத்தவருக்குப் பேர் கெட்டா என்ன, கெடாட்டா என்ன?"

விரலை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டார். அண்ணிக்கு அருவருத்தது. அவரைப் பார்த்து மட்டும் இல்லை. சரியென்று ஆடிய தன் தலையை நினைத்தும்தான்.

அப்படித்தான் அந்த ஞாயிறு, அந்த வெயிலில், அந்தச் சாலையில் நடந்தாள். வாசலில் காவலாளி மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

"எங்கேயோ எலி செத்துக் கிடக்கு மேடம். காலையிலேர்ந்து தேடறேன். ஆனா ஒண்ணு... நாத்தம் இடம் மாறிக்கிட்டே இருக்கு."

"செத்த எலி நடக்குமாண்ணே?"

"அதான் மேடம் எனக்கும் சந்தேகம்."

சிரித்துக்கொண்டே மாடியேறினாள். நீளமான அறை. காலி நாற்காலிகள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சர்வர்களின் விசிறிச் சத்தம்... ம்ம்ம்ம் என்று. பக்கத்தைத் திறந்தாள். வரியைத் திருத்தினாள். தேதிக்கு வந்தாள். பழைய தேதியை அப்படியே விட்டு, சேமிக்க விரலை வைத்தாள்.

ப்ளக்.

ஈரச் செருப்பு. பின்னால்... எங்கேயோ.

ப்ளக்... ப்ளக்.

முதலில் நாற்றம் வந்தது. பூ அழுகிய ஜாடித் தண்ணீர் மாதிரி. அதற்குள்ளே ஓர் இனிப்பு. அந்த இனிப்பைத்தான் தாங்க முடியவில்லை; அடித்தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு, அவள் தோளை ஒட்டி ஒரு சட்டைக் கை நீண்டது. நனைந்து கறுத்த துணி. விரல்கள் ஊறி உப்பி வெளுத்திருந்தன. ஆள்காட்டி விரலின் நகம் மீன் செதில் மாதிரி பாதி பெயர்ந்து நின்றது. மணிக்கட்டிலிருந்து ஏதோ கொழகொழவென்று சொட்டி, கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவே இறங்கியது. அந்தக் கை ஈரக் காகிதம் ஒன்றை மேசையில் வைத்துத் தடவி விரித்தது. அதே பக்கம். அடியில் அவள் போட்ட தேதி.

"தட்டிப் பார்த்தீங்களா?"

கோபமே இல்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்டார். ஆனால் வாய் திறந்ததும் வந்த காற்று... அண்ணிக்கு வாந்தி தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லைங்க. தட்டிப் பார்க்கலை."

மூன்றே வார்த்தை. அதைச் சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து ஓடியிருக்கலாம், கதவு பத்தடியில்தான். மூக்கைப் பொத்தக் கை தானாகவே எழுந்தது. எழுந்த கையை மடியில் போட்டு அழுத்திக்கொண்டாள். இந்த மனிதருக்கு முன்னால் மூக்கைப் பொத்தியவர்கள் போதும் என்று தோன்றியதாம். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க."

யாரோ வைத்திருந்த பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி...

"பேப்பர் கப் இல்லை. அண்ணி குடிக்கிற டம்ளர்."

தையல்காரர் திருத்துகிறார். சரி, அவள் குடிக்கிற டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். பிறகு அன்றே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தாள். பிசுபிசுத்த கீபோர்டில் விரலை வைத்து, சோதனைக் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டளையை, அந்த எழுத்தோடு, தட்டினாள். கோப்புகள் மளமளவென்று மறைந்தன.

"ஆமா" என்றது பக்கத்தில் குரல். "இப்படித்தான் போச்சு."

அண்ணி பக்கத்தில் எழுதினாள். இந்தப் பக்கத்தில் இதற்கு முன் இருந்தது தவறு. செய்து பார்க்காமல் தேதி மாற்றப்பட்டது. அதை நம்பித் தட்டியவர்மேல் பிழை இல்லை. அடியில் அன்றைய தேதி. வாடிக்கையாளர் எல்லாருக்கும் அனுப்பினாள். அந்த ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஒன்று. மேலாளர் நாளைக்குச் சீட்டைக் கிழித்தால் கிழிக்கட்டும்.

அவர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். விரல் போன வழியெல்லாம் திரையில் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி ஒரு கோடு. கடைசி வரியில் விரல் நின்றது... கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் இல்லை. நாற்காலி மட்டும் நனைந்திருந்தது. டம்ளரில் தண்ணீர் குறையவில்லை. மேலே மெலிசாக எண்ணெய் மாதிரி ஒரு படலம்.

அண்ணி மேசையைத் துடைத்தாள். கடவுளே, போதும் என்று கும்பிட்டாள். பையை எடுத்தாள்.

போன் அடித்தது. வாசலிலிருந்து காவலாளி.

"மேடம்... உங்களைப் பார்க்க வந்திருக்காங்க."

"யாருண்ணே?"

"ஒருத்தர்னா பேர் கேட்டிருப்பேன்." குரல் நடுங்கியது. "வரிசையா நிக்கிறாங்க மேடம். ரோட்டு முனை வரைக்கும். ஆளுக்கொரு காகிதம் வச்சிருக்காங்க. எனக்குக் குமட்டுது, நான்..."

ஓங்கரிக்கும் சத்தம். போன் கட்டாயிற்று.

ஜன்னலில் பார்த்தாள். வெயில். வெயிலில் வரிசை. ஒருவரும் தள்ளவில்லை, முண்டவில்லை. தேதி மட்டும் மாற்றிய பக்கங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நாற்றம் மாடிவரை எழும்பியது, சூடாக.

பின்பக்கம் ஒரு படி உண்டு. அதில் இறங்கிப் போயிருக்கலாம். அண்ணி தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு முன்படியில் இறங்கினாள். "கதவைத் திறங்கண்ணே. வெயில்ல நிக்க வேண்டாம், உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்க."

ஒவ்வொருவராக, "உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டே போனாள். சிலருக்குப் பதில் சொல்ல வாய் மிச்சமில்லை. காகிதத்தை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டாள். கை முழங்கை வரை வழவழத்தது. இரண்டு முறை ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, திரும்ப வந்து நின்றாள்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண். இருபது, இருபத்தொன்று இருக்கும். தலை வாரிப் பின்னியிருந்தாள். அவள்மேல் மட்டும் நாற்றமே இல்லை. துவைத்த துணியின் சோப்பு வாசனை. கையில் காகிதமும் இல்லை.

"உனக்கு எந்தப் பக்கம்மா?"

அந்தப் பெண் கூச்சத்தோடு சிரித்தாள்.

"தெரியலைங்க மேடம். நான் இன்னும் உங்க பக்கம் எதையும் படிக்கலை... நாளைக்குத்தான் வேற ஒரு ஆபீஸ்ல வேலைல சேர்றேன்."