செகண்ட் முள்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு நர்ஸ்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கார் கம்பெனி ஒன்றின் முதலுதவி அறையில் வேலை பார்ப்பவள். மற்றவள் தெற்கத்திப் பெண். அதே அறையில் அன்றுதான் சேரப் போகிறாள். கையிலிருந்த போனில் வாட்ச் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாடி பாக்க செகண்ட் முள்ளு வேணும்லா. இது ரப்பர் வாரு, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, ஐநூறு ரூவாதான். வாங்கிரட்டாக்கா?”

“இன்னாத்துக்கு? கேட்லயே கயட்டி வாங்கி வெச்சிக்குவான்.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நர்ஸுக்குமா?”

“எல்லாருக்குந்தான். வாட்ச்சு உரசுனா கார் பெயின்ட்ல கோடு வுழுமாம்.”

“நாம கார் பக்கமே போக மாட்டோம்லா?”

“ரூல்னா ரூலுதான். போனும் கேட்ல குடுத்துடணும்.”

“செவுத்துல கடியாரம் இருக்கும்லா?”

“கீது. ஓடாது. பேட்டரி கேட்டு எழுதிக் குடுத்துக்கீறேன்.”

“பொறவு நாடிய எப்படிக்கா எழுதுதிய?”

“எல்லாருக்கும் எழுவத்திரண்டு.”

“மயங்கி விழுந்து வாரவனுக்கு?”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “அவனுக்கு எம்பது.”

“ஆடிட்டுல யாரும் கேக்கலையா?”

“ஏன் கேக்கணும்? ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம ரெஜிஸ்டர் எழுதிக்கீறேன்னு போன மாசம் பிரைஸே குடுத்தாங்க.”

“என்ன பிரைஸு?”

அக்கா போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் கையை மேலே தள்ளிக் காட்டினாள். புது வாட்ச். சிவப்பு செகண்ட் முள் சுறுசுறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“சூப்பரா ஓடுது,” என்றாள். “கேட் வரிக்கும்.”